வளாகத்தில் கூடாரம், வாசலில் போலீஸ்: மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பினாங்கிலுள்ள யுஎஸ்எம் என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் நம் பிள்ளைகள் போராட்டம் என்றாலே இரண்டு வகையாக நிற்கிறார்கள். சிலர் எதற்கும் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர் எதுவும் தெரியாமல் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். சட்டம் தெரியாததுதான் இரண்டுக்கும் காரணம். கூடாரம் போட்டு இரவு தங்கும் போராட்டத்தில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் போலீஸ் இல்லை. பல்கலைக்கழக விதி முதலில் வரும், அதன் பிறகு பேரணிச் சட்டம், கடைசியில் குற்றவியல் சட்டம். உங்களிடம் பேசுகிறவர் யார், எந்தச் சட்டத்தை வைத்துப் பேசுகிறார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

போலீஸ் வளாகத்துக்குள் வரலாமா? துணைவேந்தர் அனுமதி வேண்டாமா?

வரலாம். பல்கலைக்கழக எல்லைக்குள் போலீஸ் நுழையக்கூடாது என்று மலேசியச் சட்டம் எதிலும் இல்லை. நிர்வாகம் அழைத்தோ அழைக்காமலோ நிற்பது நடைமுறை விஷயம். வளாகம் கோயில் கருவறை மாதிரி என்று நினைத்துக்கொண்டு அங்கே போனால் பாதுகாப்பு என்று ஓடுவதைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

வரலாறும் இதையே சொல்கிறது. கெடா மாநிலத்தின் பாலிங் பகுதி ரப்பர் சிறுதோட்டக்காரர்களின் வறுமைக்காக 1974 டிசம்பர் 3 அன்று கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் திடலில் கூடிய மாணவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். இன்றைக்கு நாம் டத்தாரான் மெர்டேக்கா என்று அழைப்பது அந்த இடத்தைத்தான். அதே மாதம் போலீஸ் மலாயாப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளும் நுழைந்தது. அடுத்த ஆண்டு, 1975-இல், பல்கலைக்கழகம் மற்றும் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் இறுக்கப்பட்டது. மாணவர்கள் 'அவுக்கு' என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான்.

எதிரே நிற்பவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் முதலில் வருவது பல்கலைக்கழகப் பாதுகாப்புப் பிரிவின் காவலர். அவரால் பெயரையும் மெட்ரிக் எண் என்ற மாணவர் பதிவு எண்ணையும் கேட்க முடியும், நிர்வாகத்துக்கு அறிக்கை எழுத முடியும். அவர் போலீஸ் இல்லை. சில வளாகங்களில் போலீஸ் பந்துவான், அதாவது துணைப் போலீஸ் இருப்பார்கள். இவர்கள் போலீஸ் சட்டம் 1967-இன் கீழ் நியமிக்கப்பட்டவர்கள். தங்கள் நிறுவனத்தின் எல்லைக்குள் இவர்களுக்குப் போலீஸ் அதிகாரம் உண்டு என்பதால் வெறும் 'கார்டு' என்று நினைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

மாவட்டப் போலீஸ் அடுத்து வரும். மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் மாவட்டத் தலைமையகம், மிண்டனிலுள்ள யுஎஸ்எம்முக்கு தீமோர் லாவுட் மாவட்டத் தலைமையகம். சாதாரண உடையில் படம் எடுத்துக்கொண்டு நிற்பவர்கள் போலீசின் உளவுப் பிரிவான சிறப்புப் பிரிவினராக இருக்கலாம். உங்களிடம் ஏதாவது கேட்டால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம். அந்தச் சமயத்தில் அட்டையின் நிறத்தைப் பாருங்கள். நீலம் என்றால் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவரும், மஞ்சள் என்றால் இன்ஸ்பெக்டருக்குக் கீழ்ப்பட்டவர், வெள்ளை என்றால் ரிசர்வ் போலீஸ். சிவப்பு என்றால் இடைநீக்கம் செய்யப்பட்டவர். அவருக்கு உங்களைக் கேள்வி கேட்க அதிகாரம் கிடையாது. பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு லாரிகளில் வருவது எஃப்ஆர்யூ, கலகத் தடுப்புப் படை. வளாக வாசலுக்கு வெளியே நடைபாதையிலோ திடலிலோ கூடாரம் இருந்தால் டிபிகேஎல் என்ற கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் அல்லது பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் அமலாக்க அதிகாரிகளும் வருவார்கள். போலீஸ் பார்த்துக்கொண்டிருக்க, கூடாரத்தைப் பிரித்து எடுத்துப்போவது பெரும்பாலும் இவர்கள்தான்.

ஐந்து நாள் முன்னறிவிப்பு இன்னும் தேவையா? நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

பாதிதான் உண்மை. அமைதிப் பேரணிச் சட்டம் 2012-இன் 9(1) பிரிவு, ஏற்பாட்டாளர் மாவட்டப் போலீஸ் தலைவருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்கிறது. முதலில் பத்து நாள், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து நாள். அறிவிக்காவிட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் என்று சொன்னது 9(5) பிரிவு. 2025 ஜூலை 1 அன்று கூட்டரசு நீதிமன்றம் இந்த 9(5)-ஐ அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் கோலாலம்பூர் சோகோ வணிக வளாகம் அருகே நடந்த கூட்டம் தொடர்பான வழக்கு அது. இதே பிரிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் செல்லாது என்றது, 2015-இல் இன்னொரு வழக்கில் செல்லும் என்றது. பதினோரு ஆண்டு இழுபறி ஒருவழியாக முடிந்தது.

போனது தண்டனை மட்டும்தான். அறிவிக்கும் கடமை சட்டத்தில் அப்படியே இருக்கிறது. அறிவிப்பைக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம். கொடுத்த பிறகு, சட்டம் சொல்லும் கெடுவுக்குள் போலீஸ் பதில் தராவிட்டால், அறிவித்தபடியே கூட்டத்தை நடத்தலாம் என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஒரு தாள்தான் பிறகு உங்களுக்குக் கவசம். ஏற்பாட்டாளர் பெயர், முகவரி, நோக்கம், தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை, பேச்சாளர்கள், ஒலிபெருக்கி விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரையும் நேரமும் போட்டு வாங்குங்கள். வாட்சாப்பில் அனுப்பிவிட்டு 'புளூ டிக் வந்துவிட்டது' என்று நினைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

வளாகத் திடலில் கூடாரம் போடுவதற்கு இந்தச் சட்டம் பொருந்துமா?

இது வாதத்துக்குரிய இடம். சட்டம் பேரணி என்று சொல்வது பொது இடத்தில் தற்காலிகமாக ஆட்கள் கூடுவதை. யாரும் வந்துபோகும் வளாகச் சாலை பொது இடமாகலாம். அட்டை தட்டி நுழையும் விடுதி முற்றம் ஆகாமல் போகலாம். 'தற்காலிகம்' என்ற சொல்லும் முகாமுக்கு இடைஞ்சல். மூன்று மணி நேரக் கூட்டம் தற்காலிகம்தான். ஐந்தாவது நாளும் அடுப்பு எரிந்தால் அது என்ன என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதனால் முடியும் தேதியையும் நேரத்தையும் எழுதிக் கொடுப்பது நல்லது. தேவைப்பட்டால் புதிய அறிவிப்போடு நீட்டிக்கலாம்.

உண்மையில் முகாமைப் பிடிப்பது வேறொரு விதி. 1999-இல் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றுக்கும் மாணவர் ஒழுங்கு விதிகள் வந்தன. துணைவேந்தர் அனுமதி இல்லாமல் ஐந்து பேருக்கு மேல் கூட்டம் நடத்தக்கூடாது, ஒலிபெருக்கி வைத்திருக்கக்கூடாது, பதாகை கட்டக்கூடாது என்ற விதிகளை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அவற்றுக்கு நடுவே, விடுதியில் ஒதுக்கப்பட்ட இடம் தவிர வளாகத்தின் எந்தப் பகுதியையும் தூங்கும் இடமாகப் பயன்படுத்தக்கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குப் படுத்திருந்தாலே போதும், முழக்கம் எழுப்பத் தேவையில்லை. விதிகள் இடையிடையே திருத்தப்படுகின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் தற்போதைய பிரதியை மாணவர் விவகாரப் பிரிவில் கேட்டு வாங்கிப் படியுங்கள். தனியார் கல்லூரி என்றால் சேர்க்கையின்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

யாரெல்லாம் விலகி நிற்க வேண்டும்?

அமைதிப் பேரணிச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவர் ஏற்பாட்டாளர் ஆகக்கூடாது. கலந்துகொள்ளலாம், ஆனால் அறிவிப்பில் அவர் பெயர் வரக்கூடாது. முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோர் இந்த வயதுக்குள் வருபவர்கள். 18 வயதில் வாக்களிக்கலாம், கூட்டம் ஏற்பாடு செய்ய முடியாது என்பது நியாயமில்லைதான். மீறினால் அபராதம் 10,000 ரிங்கிட் வரை.

குடியுரிமை இல்லாதவர் கலந்துகொள்வதே குற்றம். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ மாணவர் பாஸில் வந்தவர்கள் பார்வையாளராகக்கூட நெருங்க வேண்டாம். நம் சமூகத்தில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கேயே பிறந்து வளர்ந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்னும் சிவப்பு ஐசியோ (நிரந்தரவாசி அடையாள அட்டை) பச்சை ஐசியோ (தற்காலிகவாசி அட்டை) வைத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்களும் குடிமக்கள் இல்லை. குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் ஒரு பிள்ளையை 'சும்மா வா, உட்கார்' என்று அழைப்பது நட்பாகாது.

15 வயதுக்குட்பட்ட தம்பி தங்கையை அழைத்து வந்தால் 20,000 ரிங்கிட் வரை அபராதம். வழிபாட்டுத் தலம், பள்ளி, மருத்துவமனை, பெட்ரோல் நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் கூடவும் கூடாது. பல்கலைக்கழக மருத்துவமனையும் வளாகப் பள்ளிவாசலும் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள்.

கூடாரத்தை எப்படி அமைத்தால் பிரச்சினை குறையும்?

2012 ஏப்ரலில் பிடிபிடிஎன் கல்விக் கடனை ஒழிக்கக் கோரி மாணவர்கள் டத்தாரான் மெர்டேக்காவில் முகாமிட்டார்கள். டிபிகேஎல் அதிகாரிகள் கூடாரங்களைக் கலைத்தார்கள். ஓர் இரவு அடையாளம் தெரியாத கும்பலும் வந்து தாக்கியது. அதிலிருந்து கற்றவை இன்றும் பொருந்தும்.

ஆணி அடிக்காத, தானே விரியும் கூடாரம் போடுங்கள். புல்லில் ஆணி இறங்கினால் சொத்துச் சேதம் என்ற குற்றச்சாட்டு சேரும். கூடாரங்களுக்கு நடுவே இரண்டு மீட்டர் பாதை விடுங்கள். ஆம்புலன்ஸ் படுக்கை போக வேண்டும். நடைபாதை, கட்டட வாசல், தீயணைப்புக் குழாய் மூன்றையும் மறைக்காதீர்கள். கேஸ் அடுப்பு வேண்டாம், சமைத்த உணவை வாங்கி வாருங்கள். காய் நறுக்கும் கத்திகூட இருக்கக்கூடாது, ஏனென்றால் ஆயுதம் வைத்திருப்பவரை வாரண்ட் இல்லாமல் கைது செய்ய அமைதிப் பேரணிச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இடம் தருகிறது. கொடிக்கம்பாக மூங்கில் வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் போதும். கோலாலம்பூரில் மாலை நான்கு மணிக்கு மேல் மழை கொட்டும். தாழ்வான திடலில் போட்ட கூடாரம் தண்ணீரில் மிதக்க, எல்லாரும் கட்டடத்துக்குள் ஓட, அதுவே 'அத்துமீறி நுழைந்தார்கள்' என்று ஆகிவிடும். மேட்டைப் பாருங்கள்.

போலீசிடம் பேச ஒரே ஒருவர், அவருக்கு மாற்றாக இன்னொருவர். எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதிவைக்க ஒருவர். வழக்கறிஞர் எண்ணோடு வளாகத்துக்கு வெளியே, வீட்டில் விழித்திருக்க ஒருவர். கடைசி ஆள்தான் மிக முக்கியம், அவரைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

'கலைந்து போங்கள்' என்று உத்தரவு வந்தால்?

யார் கொடுக்கிறார் என்று முதலில் கவனியுங்கள். பாதுகாவலர் சொன்னால் அது பல்கலைக்கழக விதி. போலீஸ் அதிகாரி சொன்னால் அமைதிப் பேரணிச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. மீறினால் 20,000 ரிங்கிட் வரை அபராதம். தடை செய்த இடத்தில் கூடினால், பகைமையைத் தூண்டும் பேச்சு எழுந்தால், வன்முறையோ ஒழுங்கீனமோ நடந்தால் இந்த உத்தரவைக் கொடுக்கலாம். தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தவும் அதில் அனுமதி உண்டு.

உத்தரவு எந்தப் பிரிவில், எத்தனை நிமிட அவகாசம், எந்த வழியாக வெளியேறுவது என்று மூன்றையும் உங்கள் பேச்சாளர் சத்தமாகக் கேட்க வேண்டும். பதிலை எழுதுபவர் நேரத்தோடு குறிக்க வேண்டும். போக நினைப்பவர்கள் உடனே போகட்டும், யாரும் அவர்களைக் கோழை என்று சொல்லக்கூடாது. இருக்க முடிவு செய்தவர்கள் உட்கார்ந்திருங்கள், கைகளைத் தெரியும்படி வையுங்கள். அதிகாரியின் கையைத் தட்டிவிட்டால்கூட தண்டனைச் சட்டம் 186 வந்துவிடும். அரசு ஊழியரின் பணியைத் தடுத்தல் என்பது அது. இரண்டாண்டு வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம். முகாமில் உட்கார்ந்ததற்குக் கிடைக்காத சிறைத் தண்டனை, இழுபறியில் கிடைத்துவிடும்.

கண்ணீர்ப் புகை வந்தால்?

2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணியில் இருந்த அண்ணன்மார், அத்தைமார் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். கண்ணைத் தேய்க்காதீர்கள். காற்று வீசும் திசைக்கு எதிராக, மேடான இடத்துக்கு நடந்து போங்கள். சுத்தமான தண்ணீரால் பத்து நிமிடமாவது கண்ணைக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு முகாமுக்கே வராதீர்கள். பற்பசை பூசுவதும் உப்பை வாயில் போடுவதும் பழக்கமாகப் பரவியவை, அவற்றால் பயன் இல்லை. ஆஸ்துமா இருப்பவர் இன்ஹேலரைப் பையில் வைக்காமல் சட்டைப்பையில் வைக்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சும் லாரியில் ரசாயனம் கலந்திருக்கலாம். நனைந்த உடையை மாற்றி சோப்பால் குளியுங்கள்.

கைது செய்துவிட்டார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் என்ன?

'நான் கைதா?' என்று கேளுங்கள். மலாயில் 'அடாக்கா சாயா டித்தங்காப்?' என்றால் போதும். இல்லை என்றால் போகலாமா என்று கேளுங்கள். ஆம் என்றால் காரணத்தைக் கேளுங்கள். அரசமைப்பின் 5(3) பிரிவு காரணத்தையும் வழக்கறிஞரையும் உறுதி செய்கிறது. விசாரணைக்கு முன் உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கும் வழக்கறிஞருக்கும் தொடர்புகொள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ உரிமை தருகிறது.

எந்த நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று வண்டியில் ஏறும்போதே கத்திச் சொல்லுங்கள். ஆள் நிறைய இருந்தால் பக்கத்து நிலையத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். தேர்தல் சீர்திருத்தம் கேட்ட பெர்சே பேரணிகளின்போது பலர் ஜாலான் செமாராக்கிலுள்ள போலீஸ் பயிற்சி மையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெண்ணைப் பெண் அதிகாரிதான் சோதிக்க வேண்டும். லாக்கப்பில் பெல்ட், நகை, ஷூ கயிறு, கையில் கட்டிய கோயில் கயிறுவரை கழற்றச் சொல்லலாம். பட்டியலில் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

வாக்குமூலத்தில் பெயர், ஐசி எண், முகவரி சொல்லியாக வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின் கீழ் மற்ற கேள்விகளுக்கும் பதில் சொல்லும் கடமை உண்டு என்றாலும், உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்கு மறுக்கலாம். 'சாயா அக்கான் ஜாவாப் டி மஹ்கமா', நீதிமன்றத்தில் பதில் சொல்வேன், என்று அமைதியாகச் சொல்லுங்கள். மலாயில் எழுதியது புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கைப்பேசியை எடுத்தால் கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லைக் கேட்க அதே சட்டத்தின் 116பி பிரிவில் இடம் இருக்கிறது. எந்த அதிகாரத்தில் கேட்கிறார்கள் என்பதை வழக்கறிஞர் வரும்வரை காத்திருந்து பேசுங்கள்.

என் மகளைப் பிடித்துவிட்டார்கள் என்று இரவில் போன் வந்தது. நான் என்ன செய்வது?

அம்மா, அப்பா, முதலில் உட்காருங்கள். பிள்ளை எந்த நிலையத்தில் இருக்கிறாள், விசாரணை அதிகாரி பெயர் என்ன, எத்தனை மணிக்குக் கைது, எந்தப் பிரிவு என்று நான்கையும் எழுதுங்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பதால் கைதான நேரம் முக்கியம்.

வழக்கறிஞர் இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறக்கட்டளையான ஒய்பிஜிகே, கைதுக்கும் தடுப்புக் காவல் விசாரணைக்கும் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. மனித உரிமை அமைப்பான சுவாராமையும் வழக்கறிஞர் மன்ற சட்ட உதவி மையத்தையும் அழைக்கலாம். தடுப்புக் காவலை நீட்டிக்கப் போலீஸ் கேட்டால், 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றங்களுக்கு முதல்முறை அதிகபட்சம் நான்கு நாள், இரண்டாம்முறை மூன்று நாள். அந்த விசாரணைக்கு வழக்கறிஞர் நேரத்துக்கு வந்துவிட்டால் நாள்கள் குறையும். பரீட்சை அட்டவணையையும் மருந்துச் சீட்டையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

போலீஸ் ஜாமீனுக்குக் குடியுரிமை உள்ள ஒருவர் ஐசியோடு வேண்டும். ரசீது இல்லாமல் யார் கையிலும் ஒரு காசு கொடுக்காதீர்கள், 'தெரிந்தவர் மூலமாக முடிக்கிறேன்' என்று வருபவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. வெளியே வந்த பிள்ளையை அன்றைக்கே திட்டாதீர்கள். சாப்பாடு கொடுத்துத் தூங்க விடுங்கள். மறுநாள், நினைவு மங்குவதற்கு முன், நடந்ததைத் தேதி நேரத்தோடு அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

போலீஸ் விட்டுவிட்டது. பல்கலைக்கழகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. இரண்டு தண்டனையா?

இரண்டும் தனித்தனி. வழக்கே போடாவிட்டாலும் ஒழுங்கு விசாரணை நடக்கலாம். எச்சரிக்கை, அபராதம், இடைநீக்கம், நீக்கம் வரை தண்டனை உண்டு. 2016 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடந்த மாணவர் பேரணிக்குப் பிறகு மலாயாப் பல்கலைக்கழக மாணவர்கள் நான்கு பேர் இப்படித்தான் தண்டிக்கப்பட்டார்கள்.

கடிதத்தைப் புறக்கணிப்பது பெரிய தவறு, நீங்கள் விசாரணைக்குப் போகாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே முடிவு எழுதிவிடுவார்கள். எந்த விதி எண், எந்தச் செயல், எந்த ஆதாரம் என்று எழுத்தில் கேளுங்கள். வழக்கறிஞர் உடனிருக்க முடியுமா என்றும் கேளுங்கள். மேல்முறையீட்டுக் கெடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். நீதிமன்றமும் இருக்கிறது: தேர்தல் பிரச்சாரத்தில் பிடிபட்ட யுகேஎம் என்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் நான்கு மாணவர்களின் வழக்கில், கட்சிகளுக்கு ஆதரவு காட்டத் தடை விதித்த அவுக்குவின் 15(5)(ஏ) பிரிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 அக்டோபர் 31 அன்று செல்லாததாக்கியது. 2012-இல் கட்சியில் சேரவும் 2019-இல் வளாகத்தில் அரசியல் நடத்தவும் கதவு திறந்ததற்குப் பின்னால் அந்த நான்கு பேரின் பிடிவாதம் இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது போல இங்கும் நடக்குமா?

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2024 ஏப்ரல் 17 அன்று காசாவுக்காகக் கூடாரம் போட்டார்கள். மறுநாளே நிர்வாகம் அழைத்துப் போலீஸ் வந்தது, நூறு பேருக்கு மேல் கைது. ஏப்ரல் 30 அன்று ஹாமில்டன் ஹால் கட்டடத்தைப் பிடித்திருந்தவர்களையும் அன்றிரவே வெளியேற்றினார்கள். அங்கேயும் முடிவெடுத்தது நிர்வாகம்தான், போலீஸ் அதன் பிறகு வந்தது. அந்த ஒன்று இங்கேயும் பொருந்தும். ஆகவே முகாம் தொடங்கும் முன்பே மாணவர் விவகாரங்களைக் கவனிக்கும் இணைத் துணைவேந்தருடன் எழுத்துவழிப் பேச்சைத் தொடங்குங்கள். திடலில் கூடாரம் இருப்பதும் கட்டடத்தைப் பூட்டிக்கொள்வதும் சட்டத்தில் ஒன்றல்ல. இரண்டாவதைச் செய்த நொடியிலிருந்து அத்துமீறல் பிரிவுகள் வரும்.

போலீஸ் அடித்துவிட்டது. யாரிடம் போவது?

முதலில் அரசு மருத்துவமனை. எப்படி அடிபட்டது என்பதை மருத்துவர் எழுதும்படி சொல்லுங்கள், 'விழுந்துவிட்டேன்' என்று பயத்தில் சொல்லிவிடாதீர்கள். காயத்தை ஒரு நாணயம் அல்லது அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள், மூன்று நாள் தொடர்ந்து எடுங்கள். கன்றிய காயம் இரண்டாம் நாள்தான் தெளிவாகத் தெரியும். எந்த நிலையத்திலும் போலீஸ் புகார் கொடுக்கலாம், சம்பவம் நடந்த மாவட்டத்திலேயே கொடுக்க வேண்டும் என்பதில்லை. புகாரின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்து மனித உரிமை ஆணையமான சுஹாகாமுக்கும், 2023 ஜூலை 1 முதல் இயங்கும் சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையத்துக்கும் மனு எழுதலாம். கிழிந்த சட்டையைத் துவைக்காமல் ஒரு காகிதப் பையில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரத்தில் கறை கெட்டுவிடும்.